குற்றிழை உயிரிகள் கொலை வழக்கு

மனித குலத்தின் அறிவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனிமேல் அதைப் பாளையங்கோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் சுயநிதிப் பெண்கள் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. நான் அதன் துணை முதல்வர்.

தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும் தாளாளர் சத்தியநேசன் ஐயா 'உலகத்தர உயிரி வளர்ப்பு மையம்' ஒன்றைத் தோற்றுவித்தார். அதாவது, விலங்கியல் துறையின் பழைய சாமான் அறைக்கு ஏசி மாட்டினார். அதில் வளரவேண்டியவை பாரமீசியம் என்னும் ஒற்றைச்செல் உயிரிகள். உடம்பெங்கும் மயிர்போன்ற குற்றிழைகளை அசைத்து நீரில் நீந்துபவை. கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் கல்லூரியின் பிற சாதனைகளோடு இயல்பாகப் பொருந்தின.

வளர்ப்புப் பொறுப்பு விலங்கியல் விரிவுரையாளர் எப்சிக்கு.

"வைக்கோலை அவிச்சு ஆறவச்ச தண்ணி, நிழல், மிதமான சூடு. இது போதும் ஐயா," என்றார் எப்சி.

"வைக்கோலா? வாரவங்க மாட்டுத்தொழுவம்னு எழுதிட்டுப் போகவா? பாதாம் பால் ஊத்தும்மா. ஏசியைப் பதினாறுல வையி. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி வளக்கணும்."

அப்படியே வளர்த்தோம். குளிரில் விறைத்து, புளித்த பாதாம் பாலில் மூச்சுமுட்டி, அனைத்தும் மாண்டன. மறுபடி வாங்கிவந்து விட்டவை, புகைப்படக்காரர் வைத்த விளக்கின் சூட்டில் வெந்தன. மூன்றாம் தொகுதிக்காகத் தாளாளர் சிறப்பு ஜெபக்கூட்டம் நடத்தினார். ஆமென் சொல்வதற்குள் அதுவும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தது.

இதற்கிடையில் விடுதி மாணவிகள் பலர் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தார்கள். சந்தேகப்பட்ட எப்சி, விடுதிக் குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்து எங்களைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தோம். ஆனித் தேரோட்டத்துக் கூட்டம்போலப் பாரமீசியங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

தாளாளருக்குக் கண் கலங்கியது. "இவ்வளவு செழிப்பா எப்படிம்மா வளந்துச்சு?"

"தொட்டி மூடி உடைஞ்சு கெடக்கு ஐயா. சருகும் புறா எச்சமும் விழுந்து அழுகுது. அதுல கிருமி பெருகுது, அந்தக் கிருமியை இது திங்குது. குளோரின் போட்டிருந்தா இது ஒண்ணுகூடப் பிழைக்காது. பிள்ளையளுக்கு நோவு இதால இல்ல, அந்தக் கிருமியால. இந்தத் தண்ணியத்தான் குடிக்காவ."

"குடிக்கட்டும். தண்ணி குறைஞ்சா புதுத்தண்ணி ஏறும், பூச்சிக்கும் நல்லதுதானே. என்ன வே, நாறும்பூநாதன்?"

"அறிவியல்பூர்வமான கருத்து," என்றேன். துணை முதல்வர் என்றால் துணை நிற்க வேண்டும்.

பேட்டைப் பட்டறையில் செய்த பலகை ஒன்று தொட்டியில் ஏறியது: 'இயற்கை உயிரி வளர்ப்பகம். கழுவுவது தண்டனைக்குரியது.'

எப்சி என் அறைக்கு வந்தார். "முதலாண்டு டார்லினை ஆஸ்பத்திரியில சேத்தாச்சு சார். எந்திச்சு உக்கார முடியல. குழு போன பெறகு கழுவலாம்னு மட்டும் சொல்லிராதிய."

நான் சொல்லவிருந்தது அதைத்தான். நாகரிகம் கருதி வேறு சொற்களைத் தேடினேன். கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார்.

குழு வந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தோம். குழுத் தலைவர் அனந்தநாராயணன் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் அசையலையே."

"ஓய்வெடுக்குது சார்," என்றார் தாளாளர்.

"தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்குதே."

எல்லோரும் எப்சியைப் பார்த்தோம். "காலையில நாந்தான் தொட்டியக் கழுவி மருந்து கலந்தேன்," என்றார் அவர், வருகைப்பதிவு எடுக்கிற குரலில்.

விசாரணைக் குழுவுக்கு நானே தலைவர். குற்றிழை உயிரிகளுக்குக் குற்றமிழைத்தது, கோடானுகோடி உயிர்களை ஒரே காலையில் கொன்றது, கல்லூரியின் 'உயிர்ச்செல்வத்தை' அழித்தது எனக் குற்றச்சாட்டுகள். எப்சி எதையும் மறுக்கவில்லை.

"வேலை போனாப் போட்டும் சார். டார்லின் நேத்து சோறு சாப்பிட்டா."

வெறும் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பி ஒருவரைத் தண்டிப்பது நீதியாகாது. தடயம் வேண்டும். எனவே விடுதிக்கு நேரில் சென்றோம். படுக்கைகள் எல்லாம் காலி. நோயாளிகள் முற்றத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

குற்றம் ஐயமற நிரூபணமாயிற்று. அன்று மாலையே எப்சியைப் பணிநீக்கம் செய்தோம்.