எட்டுப் பழமும் ஒன்பதாவது சத்தமும்

என் எடை எண்பத்து நாலு கிலோ. குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கிய கதையில் இந்த விவரம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு மாதம். பிரசவத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மனைவி கோமதிக்கு இடுப்பு வலி. பிள்ளையை ரொம்ப நேரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோமதியின் தங்கை சசி, விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போக வேண்டிய கூச்சிங்கில் ஆசிரியை. அவள் இன்னும் பிள்ளையை நேரில் பார்க்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கிளினிக்கைத் தவிர வேறெங்கும் போகாத கோமதி, தங்கை வீட்டுக்குப் போகும் நாலு நாள் பயணத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அங்க போற நாலு நாளும் பிள்ளை உன் இடுப்புல ஏறாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.)

ஸ்ட்ரோலர் சின்னதாக மடிய வேண்டும், விமானத்துக்குள் கொண்டுபோகிற மாதிரி இருக்க வேண்டும், ஒரு கையால் தூக்க முடிய வேண்டும், எங்கள் மைவி காரின் பூட்டில், அதாவது பின்பக்க டிக்கியில், அடங்க வேண்டும். இதெல்லாம் கோமதியின் நிபந்தனைகள். கைப்பை அளவுக்கு மடியும் ஒன்றைப் போனில் காட்டினாள். விலையைப் பார்த்தேன்.

"இதுல இன்ஜினும் சேர்த்துத் தராங்களா?"

"அப்ப நீங்களே பாத்து வாங்குங்க லா" என்று போனைக் கீழே வைத்துவிட்டாள்.

வாங்கத் தெரியாதவனா நான்? ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை எனக்கு. ஒரு நாளைக்கு நூறு பொருளையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, 'இது ஆகாது' என்று தள்ளுகிறவன். அந்த மிதப்போடுதான் மலாக்கா டவுனில் குழந்தைச் சாமான் விற்கும் நானாவின் கடைக்குள் நுழைந்தேன். நானா என்றால் அண்ணன்; பெரியவர் சின்னவர் எல்லாருக்குமே அவர் நானாதான்.

அங்கே ஒன்று இருந்தது. சாம்பல் நிறம். ஆறு கிலோ. ஒரு பட்டனை அமுக்கி லேசாக அழுத்தினால் நமஸ்காரம் செய்கிற மாதிரி மடங்கிப் படுத்துக்கொண்டது. விலையும் மனிதர்கள் கொடுக்கக்கூடிய விலை. நான் விடுவேனா? பக்கத்துக் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்கிவந்து அதில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கடைக்குள்ளேயே மூன்று சுற்று வந்தேன். மடித்தேன், விரித்தேன், மறுபடியும் மடித்தேன். கார் பார்க்குக்குக் கொண்டுபோய் பூட்டில் வைத்துப் பார்த்தேன். ("அரிசிக்குத் தூக்கம் வந்துருச்சு போல" என்றார் நானா.)

பணம் கொடுக்கும்போது சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டை அவர் விரலால் தட்டிக் காட்டினார். "தம்பி, பதினஞ்சு கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது. எழுதியிருக்கு, பாத்துக்குங்க."

"பாப்பா ஏழு கிலோதான் நானா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் மேல என்னத்தையாச்சும் ஏத்தி, உடைச்சி எடுத்துட்டு வராங்க."

அப்படிப்பட்ட மடையர்களை நினைத்து நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

வீட்டில் கோமதி ஒரே கையால் மடித்துப் பார்த்தாள். விரித்தாள். பிள்ளையை உட்காரவைத்து ஹாலில் தள்ளிப் பார்த்தாள். இடுப்பைப் பிடிக்காமல் அவள் நடந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. "பரவால்லையே. நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் சக்கரம் உள்ள எதுவும் எங்கள் குடும்பத்தில் பூசை போடாமல் ரோட்டைத் தொட்டதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் போட்டோம், மைவிக்குப் போட்டோம். பூசை போடாமல் எடுத்த ஒரே ஒரு பழைய வேன் முதல் நாளே டோல் சாவடியில் படுத்துக்கொண்டது. இப்போது பெற்ற பிள்ளையே ஏறப் போகிற வண்டியை எப்படி விடுவது?

"அது தள்ளுவண்டிங்க. லாரி இல்ல" என்றாள் கோமதி.

சரி என்று தலையாட்டிவிட்டு, பயணத்துக்கு முந்தின நாள் மதியம், காருக்குக் காற்றடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனது சுங்கை ரம்பாய்ப் பக்கம், எங்கள் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு.

வண்டிப் பூசை என்றதும் பூசாரி அண்ணன் தட்டோடு வெளியே வந்து மைவியைப் பார்த்தார். "இதுக்குத்தான் அன்னைக்கே போட்டாச்சே."

"இந்தக் காடிக்கு இல்லண்ணே. பூட்டுக்குள்ள இருக்கு."

எடுத்து விரித்து வைத்தேன். கொஞ்ச நேரம் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நம்பி வந்தவனைத் திருப்பி அனுப்புகிற மனிதர் இல்லை. சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். கார் அளவுக்கு நான் வாங்கிப்போன மாலையை மூன்றாக மடித்துக் கைப்பிடியில் போட்டார். நாலு எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டிரண்டு சக்கரம். ஆக எட்டு. அம்மன் காலடியிலிருந்து இன்னும் நாலு பழம் எடுத்து வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தார்.

"இப்பத் தள்ளுங்க தம்பி."

தள்ளினேன். ஸ்ட்ரோலர் பழத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் அலுங்காமல் இறங்கியது. எட்டுப் பழமும் முழுசாக இருந்தன. மறுபடியும் அடுக்கித் தள்ளினேன். இந்த முறை பழங்களும் கூடவே உருண்டு வந்தன.

"கனம் பத்தல" என்றார் பூசாரி அண்ணன். ஆறு தேங்காயைத் தூக்கி உள்ளே வைத்தோம். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒன்னே ஒன்ன மட்டும் கையால நசுக்கி விட்டுருவோம். ஆத்தா ஒன்னும் சொல்லமாட்டா" என்று அவர் நியாயமான ஒரு வழி சொன்னார்.

தரப் பரிசோதகன் ஒத்துக்கொள்வானா? எட்டில் ஒன்று என்பது என் தொழிலில் தோல்வி. "நீங்க தள்ளுங்கண்ணே, நான் உட்கார்றேன்" என்றேன். தேங்காய்களை இறக்கிவிட்டு, பின்பக்கத்தை எப்படியோ நுழைத்து, இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டேன். அம்மனைப் பார்த்துக் கையும் கூப்பிக்கொண்டேன்.

பூசாரி அண்ணன் மூச்சைப் பிடித்துத் தள்ளினார். எட்டுப் பழமும் அழகாக நசுங்கின.

"எட்டுப் பழந்தானே வச்சோம்? ஒம்பது சத்தம் கேட்டுச்சே" என்றார்.

எனக்கும் கேட்டது. ஆனால் வண்டி நன்றாகவே உருண்டது. சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டு, விரித்தபடியே பின்சீட்டில் ஏற்றினேன். மடித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பயத்தில் பார்க்கவில்லை. மறுநாள் காலை "ஏன் மடிக்காம வச்சிருக்கீங்க?" என்று கோமதி கேட்டதற்கு, "இறங்குனதும் ரெடியா இருக்கட்டுமேன்னுதான்" என்றேன்.

விமானத்தில் ஏறும் வாசலில் ஒரு மலாய்ப் பெண், "என்சிக், லிப்பாட் டுலு" என்றாள். ஐயா, முதலில் அதை மடித்துவிடுங்கள் என்கிறாள். பட்டனை அமுக்கினேன். ஸ்ட்ரோலர் அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். வரிசையில் நின்ற ஒரு சீன அங்கிள் வந்து உதவினார். அவருடைய மகனும் வந்தான். மூன்று ஆண்கள் சேர்ந்து ஓர் ஆறு கிலோ ஸ்ட்ரோலரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து யாழினி கைகொட்டிச் சிரித்தாள்.

"தள்ளுங்க" என்று கோமதி குனிந்தாள். வளைந்திருந்த கம்பியைத் தடவினாள். நிமிர்ந்தபோது அவள் விரலில் குங்குமம் இருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழக் கொட்டை ஒன்று ஒட்டியிருந்தது.

"என்னங்க, பூசை போட்டீங்களா?"

"ம்."

"பூசை போட்டா கம்பி ஏன் வளையுது?"

"கனம் பத்தலன்னு சொன்னாரு."

"அதனால?"

"உட்கார்ந்தேன்."

பின்னால் எங்கேயோ ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. கோமதி சிரிக்கவில்லை. "நாலு நாளுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. அப்போது வந்தது வேறு வலி.

ஸ்ட்ரோலரைச் சாமான்களோடு ஏற்றினார்கள். கூச்சிங்கில் பெட்டிகளுக்கு நடுவே, மடிய மறுத்து, நெற்றியில் மிச்சக் குங்குமத்தோடு அது மட்டும் தேர் மாதிரி நிமிர்ந்து வந்தது. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சசியின் சின்னக் காரில் அதை நுழைக்கவே முடியவில்லை. அவளுடைய தோழியின் வேனில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தது. பிறகு நாலு நாளும் வாசலிலேயே நின்றது.

பிள்ளையை நான் தூக்கினேன். ஆற்றங்கரையில், கடைத்தெருவில், சாப்பாட்டுக் கடையில், நாலு நாளும் நான்தான். கோமதி கையை வீசிக்கொண்டு தங்கையோடு முன்னால் பேசிக்கொண்டே நடந்தாள். அதுவரை என்னிடம் வந்தால் அழுகிற யாழினி, இரண்டாம் நாளே என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். எவ்வளவு விலை கொடுத்தாலும் கிடைக்காத சுகம் அது. மூன்றாம் நாள் கோமதி திரும்பிப் பார்த்து, "பிள்ளை இடுப்புல ஏறல, சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

போன மாதம் யாழினிக்கு சைக்கிள் வாங்கினோம். அதே கோயில், அதே பூசாரி அண்ணன். அவர் சைக்கிளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார்.

"அப்பா, நீங்க காடிகிட்ட போயி நில்லுங்க" என்றாள் யாழினி. போய் நின்றேன். கோமதி இரண்டு பழத்தை வைத்தாள். யாழினி ஏறி உட்கார, பூசாரி அண்ணன் பிடித்துத் தள்ளினார்.

"ஒன்னு" என்றாள் யாழினி. "ரெண்டு" என்றாள் கோமதி.

அப்புறம் மூன்று பேரும் அப்படியே நின்று, மூன்றாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். காரடியில் நின்றபடி நானும் கேட்டேன்.