அடியில் ஒட்டிய விலை

புது விலை ஸ்டிக்கர் வாளியில் ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அழுத்தினால் ஒட்டியதுபோல் பாசாங்கு செய்தது. கையை எடுத்ததும் விழுந்தது.

கடையில் எல்லோரும் அவளை ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விலை ஏறும்போதெல்லாம் பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியதை ஒட்டுவது அவள் வேலை. குடோனில் வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்து, இன்று கடைக்குள் வந்திருந்த இந்தப் பச்சை வாளிகளில் ஸ்டிக்கர் மேடு தட்டிப்போயிருந்தது.

"மத்தியானத்துக்குள்ள எல்லா வாளிக்கும் புது விலை ஒட்டணும். ஒண்ணு பழைய விலைக்குப் போனாலும் வித்தியாசத்த உங்க சம்பளத்துல புடிச்சுக்குவேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டை கட்டுகிறவருக்கு நம் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள். மகளுக்கு வேறு இந்த வாரம் பீஸ் கட்டியாக வேண்டும்.

சரி, மேட்டைச் சுரண்டிவிடலாம் என்று நகத்தை விட்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மஞ்சள் உரிந்தது. அடியில் வெள்ளை: மகள் காலேஜில் சேர்ந்த வருஷத்து விலை. அதற்கும் அடியில் ரோஸ்: வாடகை கட்டுப்படியாகாமல் மொட்டைமாடி அறைக்குக் குடிபோன வருஷம். எல்லாவற்றுக்கும் அடியில், அவளே கையால் எழுதி ஒட்டிய முதல் விலை. வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பள நாளில் புருஷன் தலைவாரி, பவுடர் போட்டு, கடை வாசலில் காத்திருப்பான். சினிமா பார்த்து, ஐஸ்கிரீம் தின்று, அப்படியும் காசு மிஞ்சி வீடு திரும்பிய காலம். அந்த நாள் ஒருதரம் திரும்பி வராதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலிக்கு இரண்டு வாளி வாங்கலாம். அப்புறம் விலை மாடிப்படி ஏறிக்கொண்டே போனது. அரசாங்கம் போட்ட குறைந்தபட்சக் கூலியோ உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்று அதே கூலிக்கு வாளியின் கைப்பிடிதான் வரும்.

நினைப்பிலேயே மூழ்கி எல்லா வாளியையும் அடிவரைக்கும் உரித்துவிட்டாள்.

"என்னம்மா, இந்த விலைக்கா தர்றீங்க?" என்று ஒரு பெரியவர் வாளியைத் தூக்கினார்.

அவள் சட்டென்று விலையைக் கட்டைவிரலால் மறைத்தாள். மறைத்ததும் அவருக்குச் சந்தேகம் வலுத்தது. எழுதிய விலைக்குத்தான் தரவேண்டும் என்று குரலை உயர்த்தினார். பதற்றத்தில் அவள் புது ஸ்டிக்கரை ஒட்டப்போக, இத்தனை நேரம் அடம்பிடித்த சனியன் அவர் சட்டைக்கையில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. தனக்கே விலை போடுகிறார்கள் என்று அவர் ஊரைக் கூட்டிவிட்டார். பழைய விலை என்ற பேச்சு பரவி, வரிசை வாசல்வரை நீண்டது. பில் போடும் பெண்கூடக் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து நின்றுகொண்டாள்.

பீஸும் போச்சு, வேலையும் போச்சு என்று அக்காவுக்குக் கண் கலங்கியது.

மேனேஜர் டையைச் சரிசெய்தபடி ஓடிவந்தார். அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது.

"பழைய விலைதானே? பழைய சம்பளம் வாங்குறவங்க மட்டும் நின்னு வாங்கிக்கலாம். மத்தவங்க கிளம்புங்க."

ஒருவரும் கிளம்பவில்லை. இன்னும் நெருக்கியடித்து நின்றார்கள். மேனேஜருக்கு வியர்த்தது.

அப்போது வாசல் வாட்ச்மேன் மெல்ல அவர் பக்கத்தில் வந்து, பணிவாகக் காதில் சொன்னார்:

"நீங்க போய் வரிசையில நின்னா நல்லா இருக்காது சார். உங்களுக்கு ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன்."