அடுப்படி இங்கிலீஷ்

"ஐ ஆம் கட்டிங் தி ஆனியன்" என்று ஜஹபர் நிஷா வெங்காயத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

வெங்காயத்தோடு நிற்கவில்லை. தக்காளிக்கும் சொன்னாள். அரிசியைக் கழுவப் போவதாக அரிசியிடமே சொன்னாள். குக்கர் மூடியைக் கையில் எடுத்து, மூடப் போகிறேன் என்று குக்கருக்கு அறிவித்துவிட்டுத்தான் மூடினாள். செல்வாம்பாள் கூப்பிட்டுப் பார்த்தாள். நிஷா திரும்பவில்லை. முக்காட்டுக்குள் மாட்டியிருந்த இயர்போன் வெளியே நின்றவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த இயர்போனுக்குள் ஒரு டீச்சர் இருந்தாள். போனைத் தொட்டால் வருவாள், முகம் நிறையச் சிரிப்பாள், ஒரே பாடத்தை எத்தனை முறை கேட்டாலும் எரிந்து விழமாட்டாள். கை செய்வதை வாய் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இங்கிலீஷ் நாக்கில் உட்காரும் என்பது அவளுடைய கட்டளை. ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் ஒரு பயிற்சி உண்டு. போனில் பேசிக் காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் திரையில் நட்சத்திரம் கொட்டும். தப்பென்றால் மறுபடி முயலுங்கள் என்று போன் ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிடும். நிஷாவின் மீன் குழம்பு தீய்ந்துபோனதெல்லாம் அப்படி மறுபடி முயன்ற நாட்களில்தான்.

இத்தனை பாடும் மகள் லமீஸுக்காக. ஒன்பதாவது படிக்கிற பெண். பழைய பள்ளியில் ஒருமுறை பெற்றோர் கூட்டம் நடந்தது. மற்ற அம்மாக்கள் டீச்சரிடம் இங்கிலீஷில் அளந்து பேசினார்கள். நிஷா தமிழில் அளக்காமல் பேசினாள். மகள் இன்னமும் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவாள் என்றுகூடச் சொல்லிவிட்டாள். டீச்சர் சிரித்தாள், பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று முதலியார்பேட்டை வீடு வந்து சேரும்வரை லமீஸ் அம்மாவுக்கு முன்னாலேயே நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஜூனில் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கான்வென்ட்டுக்கு மாறினாள். சேர்ந்த வாரமே, "கூட்டத்துக்கெல்லாம் அத்தா வரட்டும்மா. நீ வராத" என்றாள்.

நிஷா ஏன் என்று கேட்கவில்லை. காரணம் தெரிந்ததுதானே. எட்டாவதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் அவள். படித்தது போதும் என்று அவள் அத்தா சொன்னபோது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் புத்தகப் பையை மூலையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டு நல்ல பெண் என்று பேர் வாங்கியதற்கு இன்றுவரை அவள் மனதுக்குள் அழுதுகொண்டுதான் இருக்கிறாள். அதனால்தான் ஒரு முடிவு எடுத்தாள். அடுத்த கூட்டத்துக்குத் தானே போக வேண்டும். நாலு வாக்கியம் இங்கிலீஷில் பேச வேண்டும். திரும்பி வரும்போது லமீஸ் பக்கத்தில் நடந்து வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது.

செல்வாம்பாளுக்குத் தெரிந்த பிறகு தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? நிஷாவின் கணவர் கமருஸ்ஸமான் தட்டாஞ்சாவடியில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் அவர் தெருவுக்குள் நுழைந்ததும் செல்வாம்பாள் மறித்தாள்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நிஷா குக்கர்கிட்ட பேசுது. ஏதோ வேத்து பாஷையில."

கமருஸ்ஸமான் வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே திரும்பிப் போய், தர்காவில் ஓதிய தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்தார். குடி என்று நீட்டினார். எதற்கு என்று நிஷா கேட்டாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று அவர் பயப்படுகிறார் என்பது நிஷாவுக்குப் பிடிபட்டது. உண்மையைச் சொன்னால் அவர் சந்தோஷத்தில் மகளிடம் உளறிவிடுவார். அவசரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நான் ஓதிக்கிட்டு இருந்தேங்க."

சொன்ன உடனே நெஞ்சு சுருக்கென்றது. அதில் போய் விளையாடலாமா? மன்னிப்புக் கேட்டு அன்று கூடுதலாகத் தொழுதாள். ஆனால் பொய் அதற்குள் வாசல் தாண்டிவிட்டது. வேலை செய்துகொண்டே நாள் முழுக்க ஓதுகிற மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று கமருஸ்ஸமான் பெருமை தாங்காமல் பட்டறையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், செல்வாம்பாளிடமும் சொன்னார்.

மறுநாள் செல்வாம்பாள் தன் மகளின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தை விடாமல் அழுகிறது, கொஞ்சம் ஓதி ஊதிவிடு என்றாள். நிஷா தனக்குத் தெரிந்த குர்ஆன் சூராவை மனசார ஓதி ஊதினாள். அழுது களைத்துப் போயிருந்த குழந்தை சட்டென்று தூங்கிவிட்டது. தூங்காமல் இருந்திருந்தால் நிஷா தப்பித்திருப்பாள்.

அதன் பிறகு ஆள் வரத்து ஆரம்பித்தது. காய்ச்சல் பிள்ளைகள், பயந்த பிள்ளைகள், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள். எல்லாரும் சரியாக வீடியோ பார்க்கிற நேரத்தில் வந்தார்கள். நிஷா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பொய் சொன்னதற்குத் தண்டனையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓதினாள். போனில் நட்சத்திரம் விழுந்து நாளாயிற்று. கூட்டமோ அடுத்த சனிக்கிழமை.

வேறு வழி தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அங்கே யார் வரப்போகிறார்கள்? குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் முணுமுணுப்பாகப் பயிற்சி செய்தாள். இரண்டு நட்சத்திரம் விழுந்தது. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தபோது கதவு அதிர்ந்தது.

"நிஷா, வெளிய வா. உனக்குப் புத்தி இருக்கா? அங்க உக்காந்துகிட்டு ஓதலாமா?"

கமருஸ்ஸமான் குரலில் அவள் என்றும் கேட்காத நடுக்கம் இருந்தது. ஓதக் கூடாத இடத்தில் ஓதுகிறாள் என்றால் முழுசாகவே ஏதோ ஆகிவிட்டது என்று அவர் முடிவு செய்திருந்தார். நிஷா கதவைத் திறந்தாள். நனைந்த போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திரையில் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கமருஸ்ஸமான் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டத்துக்கு நீயே போயேன் என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் மட்டும் அங்க என்னா கிழிச்சேன்? மிஸ் இங்கிலீஷ்லயே கேப்பாங்க. தெரியலன்னா புள்ளைக்குக் கேவலம்னு எல்லாத்துக்கும் யெஸ் மேடம்பேன். உடனே என்னைப் பாவமா பாப்பாங்க. ஒருதடவ கைநிறைய மெழுகுவத்தி குடுத்தாங்க."

"எதுக்கு?"

"கேட்டா அதையும் இங்கிலீஷ்லதான சொல்வாங்க. வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

அவரை நினைத்து நிஷாவுக்கு அழுகை வந்தது. ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அவமானத்தை ஒளித்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சேர்ந்தாவது படித்திருக்கலாம்.

சனிக்கிழமை லமீஸ் முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டாள். அத்தா வருவார் என்று நினைத்துக்கொண்டு போனாள். நிஷா பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பெற்றோர் அட்டையோடு ஆட்டோவில் இறங்கினாள். ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற அறிவிப்பு கேட்டிலேயே ஒட்டியிருந்தது. தன் வாயிலிருந்து இந்தப் பள்ளியில் விழும் முதல் வார்த்தை இங்கிலீஷாகத்தான் இருக்க வேண்டும் என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளே நாக்கு மட்டும் ஒத்திகை பார்த்தபடி இருந்தது.

வராந்தாவில் அட்டெண்டர் அகஸ்டினா நின்றிருந்தாள். நிஷா பேசாமல் அட்டையை நீட்டினாள். அதிலிருந்த லமீஸின் படத்தைப் பார்த்ததும் அகஸ்டினாவின் முகம் இளகிப் போயிற்று. அவளும் பேசவில்லை. இப்படி உட்காருங்கள் என்று கையால் காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் கேட்டாள். நிஷாவுக்குச் சுள்ளென்று ஏறியது. இங்கிலீஷ் தெரியாதவள் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இங்கிலீஷ் வராவிட்டால் தமிழிலும் பேசக் கூடாதா?

வகுப்புக்குள் நுழைந்ததும் லமீஸ் பார்த்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, காதோடு சொன்னாள்.

"பேசாதம்மா. ஒரு வார்த்தகூட பேசாத. கெஞ்சிக் கேக்கறேன்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பெற்ற தாய் வாயைத் திறந்துவிடுவாளோ என்று ஒரு பிள்ளை இப்படிப் பயப்படும்படி ஆகிவிட்டதே என்று நிஷா நொந்துகொண்டாள். மகளின் கன்னத்தைத் தட்டி, பொறுத்திருந்து பார் என்பதுபோலச் சிரித்தாள்.

வகுப்பாசிரியை பெனிஷா மிஸ் எழுந்து வந்து நிஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல வாயை அகலமாகத் திறந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். மதிப்பெண்ணை விரல் விட்டுக் காட்டினாள். லமீஸைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினாள். சுற்றியிருந்த பெற்றோர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் நிஷாவால் தாங்க முடியவில்லை. மூச்சை இழுத்தாள்.

"குட் மார்னிங், மேடம். ஐ ஆம் லமீஸ் மதர்."

பெனிஷா மிஸ்ஸின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

நிஷா நிறுத்தவில்லை. தான் எட்டாவதுவரைதான் படித்தவள் என்று சொன்னாள். இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். மகள் கெட்டிக்காரி, அம்மாதான் பயந்தவள் என்றாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கை செய்வதை வாய் சொல்ல வேண்டும் என்ற பழக்க தோஷத்தில் கடைசியாக இதையும் சேர்த்துக்கொண்டாள்.

"நவ் ஐ ஆம் ஸ்பீக்கிங், மேடம்."

பெனிஷா மிஸ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பின் வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். யாரோ எழுந்து நின்றார், அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெனிஷா மிஸ் தலைமை சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டே வராந்தாவில் ஓடினாள்.

இங்கிலீஷுக்கு இவ்வளவு மரியாதையா என்று நிஷா திகைத்துப் போனாள். இதை அன்றே கற்றுக்கொண்டிருந்தால், இத்தனை வருஷத்தை இப்படி வாய் மூடியே வீணாக்கியிருக்க வேண்டாம் என்று நினைத்தபோது அவளுக்கும் அழுகை வந்தது. மகளைத் தேடினாள். பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்த லமீஸ் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அகஸ்டினா, நிஷாவின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்:

"எங்க அம்மாவுக்குப் பொறந்ததுலேந்தே வாய் பேச வராதுன்னு உங்க பொண்ணு வந்த அன்னிக்கே சொல்லுச்சும்மா, அதுலேந்து வெள்ளிக்கிழமை தவறாம இந்தக் கிளாஸே உங்களுக்காக முட்டி போட்டு ஜெபம் பண்ணுது, உங்க பொண்ணு மட்டும் தேம்பித் தேம்பி அழும், பாருங்க, மாதா பேச்சைக் குடுத்ததுதான் குடுத்தா, இங்கிலீஷ்லயே குடுத்துட்டா."