கதைக்குள் போன விரல்

எங்கள் ஓசூர் வட்டாரத்தில் எந்தச் சம்பவமும் ‘தொடரும்’ அண்ணன் சொல்லி முடித்த பிறகுதான் நடந்ததாக அர்த்தம். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். காலையில் கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறியதும் கதையைத் தொடங்குவார். கதாநாயகன் கிணற்று விளிம்பில் கால் வழுக்கும் நேரம், பஸ் தொழிற்சாலை வாசலில் நிற்கும். மிச்சம் மறுநாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பஸ்ஸில் தூங்கக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் அவர் தின்றுவிடுவார். ஒருநாள் சூளகிரி அருகே டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிக் கிளம்பினோம், அவ்வளவுதான். கேன்டீனில் அவர் சொன்னபோது அதில் ஒரு யானை நின்றது.

“யானை எங்கண்ணே வந்துச்சு?”

“வந்திருந்தா என்னா பண்ணியிருப்ப, அத யோசி.”

கன்னடம் பேசும் ஃபிட்டருக்காக அதையே கன்னடத்தில் சொன்னார். அதில் யானைகள் இரண்டு.

ஆள் வராததால் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதிலும் நான் நின்ற ஒரு காலை. தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டது. இடக்கை நடுவிரல் நுனி போயிற்று. பார்த்தவர் பக்கத்து மெஷினில் இருந்த ‘தொடரும்’ அண்ணன் மட்டும்தான்.

தூங்கினான் என்று எழுதினால் வேலை போய்விடும். விசாரித்த அதிகாரி நடந்ததைச் சொல்லச் சொன்னாராம். அண்ணன் அன்று காலை பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். சாப்பாட்டு மணி அடித்தபோது கதை இன்னும் பஸ்ஸே ஏறவில்லை. அதிகாரி ‘விபத்து’ என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கும் வந்தார். மெஷினில் மாட்டவிருந்தது தன் கைதான் என்றும், நான் பாய்ந்து தள்ளிவிட்டதாகவும் என் மனைவியிடம் சொன்னார். பிறகு என் ஏழு வயது மகளிடம் தன் கையை நீட்டி, “இது உங்கப்பன் குடுத்தது கண்ணு,” என்றார். அவள் என் விரலில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

மனைவியும் மகளும் டீ வாங்கப் போனதும் சலிப்பாகக் கேட்டேன். “எதுக்குண்ணே பொய்யி? நான் தூங்கிட்டன்.”

“நெசம் உனக்கு மறக்கவா போவுது? அதுக்கு நான் எதுக்கு? உம்புள்ள தெனமும் அந்த வெரலப் பாக்கணுமில்ல.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அண்ணன் இப்போது ஓய்வு பெற்று சாமல்பட்டியில் இருக்கிறார். போன மாதம் மகளின் பள்ளியில் டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வகுப்பில் அவள் அப்பாவின் விரலைப் பற்றிப் பேசினாளாம். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.