நுண்ணுயிர்ப் பட்டத்தின் நிகர லாபம்

உலகம் இதுவரை கண்ட முதலீடுகளில் உயிரியல் பட்டத்துக்கு இணையானது எதுவும் இல்லை. தங்கம் விலை இறங்கும். நிலம் வறண்டு போகும். உயிரியல் மட்டும், பெயரிலேயே உயிர் இருப்பதால், சாவதே இல்லை. இந்த மாபெரும் உண்மையை 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி கூட்டம் போட்டு நிரூபித்தது. கல்லூரியின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அதற்கு அவர்களே நிறையச் செலவு செய்கிறார்கள்.

நிரூபணத்துக்குச் சாட்சி யாமினி. சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூர்க்காரி. நைனா என்று அவள் கூப்பிடும் தகப்பன் அப்பாவு கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா சென்னம்மா கிடைத்த கூலிக்கெல்லாம் போகிறவள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்திருந்தாள். வங்கிக் கடன் ஒரு லட்சத்து எண்பதாயிரம். நாட்டின் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டிருந்த காலம் அது. வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். யாமினியும் போனாள்: பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு.

அங்கே அவள் 'குவாலிட்டி கன்ட்ரோல் டிரெய்னி எக்ஸிக்யூட்டிவ்'. பதவியின் பெயர் சம்பளச் சீட்டில் ஒரே வரியில் அடங்கவில்லை. நாலாயிரம் ரூபாய்ச் சம்பளம் தாராளமாக அடங்கியது.

மே மாதம் மாங்காய் சீசன் சூடு பிடித்ததும் சென்னம்மாவும் அதே ஃபேக்டரியில் மாங்காய் அறுக்கச் சேர்ந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் கருத்துப்போயிற்று. மாதக் கடைசியில் ஆத்தாளும் மகளும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கவரைப் பிரித்தார்கள். மகளுக்கு நாலாயிரம். தாய்க்கு ஓவர்டைமோடு ஐயாயிரத்து முந்நூறு. சென்னம்மா ஏதோ திருடிவிட்டவள்போலச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேஸ்திரி தப்பா குடுத்துட்டான் போலக்கீது."

"இல்லம்மா, கணக்கு சரிதான்" என்றாள் யாமினி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

கல்லூரித் தாளாளர் முனிகிருஷ்ணன் போன் செய்தது அதற்கு அடுத்த வாரம்தான். "பட்டதாரிகளின் வருவாய்–கடன் விளைவுகள்" என்று ஒரு கருத்தரங்கம். பெற்றோர் இருநூறு பேர் வருகிறார்கள். யாமினி பேச வேண்டும்.

"நீ நம்ம காலேஜோட சக்சஸ் ஸ்டோரி அம்மா. ஜூலையிலேர்ந்து இங்கயே லெக்சரரா வந்துடு, எட்டாயிரம். ஒண்ணே ஒண்ணு, மேடையில சம்பளத்தப் பத்திப் பேசாதே. அது பர்சனல்."

வருவாயைப் பற்றிய கூட்டத்தில் வருவாயைப் பேசக் கூடாது என்கிற நுட்பத்தை யாமினி புரிந்துகொண்டாள். எட்டாயிரம் என்பது நாலாயிரத்தின் இரண்டு மடங்கு; அதைப் புரிந்துகொள்ள எம்.எஸ்சி. தேவைப்படவில்லை.

மகள் படித்த இடத்தைப் பார்க்கச் சென்னம்மாவும் கூடவே கிளம்பினாள். கல்லூரி வாசலில் மைக்ராஸ்கோப்போடு யாமினி நிற்கும் ஃப்ளெக்ஸ். 'சம்பளம் லட்சங்களில்!' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். நட்சத்திரத்தின் விளக்கம் அடியில், பூந்தொட்டிக்குப் பின்னால்: 'ஐந்தாண்டுக்குச் சேர்த்து.'

நாலாவது வரிசையில் அவர்கள் ஊர்க் கன்னையா, மகள் ரூபாவோடு உட்கார்ந்திருந்தார். பட்டா கிடைத்து மூன்றே வருடமான அரை ஏக்கரை ஈடு வைத்து, அவளை இங்கே சேர்க்கக் கடன் வாங்குவதாக ஏற்பாடு. படிவமெல்லாம் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

"உன்னப் பாத்துதான் வந்துக்கினுகீறோம் யாமினி" என்றார்.

முனிகிருஷ்ணன் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி முழங்கினார். போன நூற்றாண்டு பௌதிகத்துக்கு, இந்த நூற்றாண்டு உயிரியலுக்கு என்று பாகப்பிரிவினை செய்து முடித்து, யாமினியை அழைத்தார்.

யாமினி கூழைப் பற்றிப் பேசினாள். ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால் மொட்டு விட்டு மொட்டு விட்டுப் பெருகும் ஈஸ்ட்டைப் பற்றி. அதை முதன்முதலில் பார்த்த அன்று மதியம் சாப்பிட மறந்துபோனதைப் பற்றி. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரூபா வாயைத் திறந்தபடி கேட்டாள். கைதட்டல் அடங்கியதும் கன்னையா எழுந்தார்.

"நல்லா பேசினம்மா. மாசம் கையில இன்னா வருது?"

"கேள்வி நேரம் இல்லிங்க..." என்று முனிகிருஷ்ணன் மைக்கை நோக்கி வந்தார்.

யாமினி அவரைப் பார்த்தாள். கன்னையா சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். எட்டாயிரம் ரூபாயை மனக்கணக்கில் கழித்துவிட்டாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாலாயிரம் மாமா. கடன் தவணை மூவாயிரத்து நூறு."

"மிச்சம் தொள்ளாயிரத்துல இன்னாத்த துன்னுறீங்கோ?"

இதற்குப் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. சென்னம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அதுக்குத்தான் நான் கீறேனே! அதே ஃபேக்டரியில மாங்கா அறுக்கறேன். போன மாசம் ஐயாயிரத்து முந்நூறு. அவ பாவம், படிச்ச புள்ள, அவ்ளோதான் குடுப்பாங்கோ."

அரங்கத்தின் தலைகளெல்லாம் பின்வரிசைக்குத் திரும்பின. ஆனால் முனிகிருஷ்ணன் சாதாரண மனிதரல்ல.

"கவனிங்க! ஒரே குடும்பம், ஒரே ஃபேக்டரி, மாசம் ஒம்பதாயிரத்து முந்நூறு! யாமினிக்குப் படிப்பால குறை இல்ல; படிப்பு போதாததுதான் குறை. கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமா புதுசா ஆரம்பிக்கிறோம். அறுபதாயிரம்தான். கடனுக்கு டேபிள் பின்னாடி போட்டிருக்கு."

பதினொரு பேர் வரிசையில் போய் நின்றார்கள்.

கன்னையா போகவில்லை. படிவத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். ரூபாவின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு பயாலஜி புடிக்கும் நைனா."

யாமினி இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் புடிக்கும் ரூபா. சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல அப்ளிகேஷன் குடுத்துக்கினுகீறாங்கோ. நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் வரேன்."

ரூபாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. யாமினிக்கு ஜூலையில் லெக்சரர் வேலை கிடைக்கவில்லை. 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' போதவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

கருத்தரங்கின் அறிக்கை பளபளக்கும் தாளில் வெளியாயிற்று. பட்டம் பெற்றவர்கள் அறுபத்திரண்டு பேர். வேலையில் இருப்போர் நூறு சதவீதம். கடன் தவணை தவறாமல் கட்டப்படுவது நூறு சதவீதம். வங்கியே பாராட்டிக் கடிதம் எழுதியது. அத்தனையும் உண்மை. கடன் வாங்கியவர் யார் என்பதற்கு அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது. கட்டுகிறவர் யார் என்பதற்கு இல்லை. இருந்திருந்தால் கரும்பு வெட்டுகிறவர், மாங்காய் அறுக்கிறவள், ஆட்டை விற்றவர், தோட்டை அடகு வைத்தவள் என்று அறுபத்திரண்டு வீட்டுக்கும் நிரப்பியிருக்கலாம். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'இல்லை' என்று வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கலாம்.

உயிரியல் பட்டத்தின் எதிர்காலத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பட்டம் வாங்காதவர்கள் உடம்பில் தெம்பு இருக்கும்வரை அந்தப் படிப்புக்கு நஷ்டம் என்பதே கிடையாது.