பத்து எம்பிக்குள்ள ஒரு எஞ்சின்

சமாதான காலத்துக் கதை இது. அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணையின்ர வள்ளத்து எஞ்சினை வீடியோ எடுத்து, நோர்வேயில இருக்கிற அவரின்ர தம்பி மரியதாசுக்கு ஈமெயிலில அனுப்ப வேணும்.

மரியதாஸ் ஊர்காவற்றுறையில என்னோட ஒண்டாப் படிச்சவன். கணக்குப் பாடத்தில என்னைப் பாத்து எழுதினவன். இப்ப அவன் அங்க கப்பல் எஞ்சின் திருத்துறான். நான் இங்க ஆறு மாதக் கொம்பியூட்டர் டிப்ளோமா ஒண்டைச் செய்துபோட்டு, அந்தச் சேட்டிபிக்கற்றை மாதா படத்துக்குப் பக்கத்தில கொழுவி வைச்சிருந்தனான். ஊரில வீடியோ, ஈமெயில் எண்டால் என்னைத்தான் கூப்பிடுவினம். வேற ஆளில்லாமல்தான் கூப்பிடுகினம் எண்டது எனக்கு அப்ப விளங்கேல்லை.

எஞ்சினுக்கு வருத்தம் வந்து ஆறு நாள். ஸ்ராட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடும், பிறகு உள்ளுக்க ஏதோ தட்டும். ஊர் மெக்கானிக் வந்து, இது முடிஞ்சுது, புதுசு வாங்குங்கோ எண்டிட்டுப் போயிட்டார். புது எஞ்சினுக்கு அண்ணை எங்க போறது? கடல்காரன்ர வீட்டில ஆறு நாளாப் பருப்புக் கறி எண்டு அண்ணையின்ர மனுசி புளோரா அக்கா ஒழுங்கை முழுக்கக் கேக்கத்தக்கதாச் சொல்லிக்கொண்டிருந்தா.

மரியதாஸ் அக்காவின்ர கைபோனுக்குக் கோல் எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு ஒரு வீடியோ அனுப்புங்கோ, நான் சொல்லுமட்டும் ஒண்டும் வாங்கவேண்டாம் எண்டவனாம்.

கனடாவில இருந்து வந்த மாமி விட்டிட்டுப் போன கமரா என்னட்டை இருந்தது. அண்ணை எஞ்சினை வள்ளத்தால கழட்டி, ஓடவிடுறதுக்காகத் தண்ணிப் பீப்பாவுக்குள்ள இறக்கி நிப்பாட்டினார். நான் விடேல்லை. முதல்ல மூடியை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கோ, நோர்வேக்காரர் பாக்கப் போயினம் எண்டு சொன்னன். மனுசன் பாவம், கடலுக்குப் போக ஏலாத கவலையோட நிண்டு பளபளப்பாக்கினார். மூண்டு நிமிசம் எடுத்தன். எஞ்சின் தட்டினது, நாய் குரைச்சது, பின்னால புளோரா அக்கா அண்ணையின்ர பரம்பரையையே ஏசினது எல்லாம் அதில விழுந்திட்டுது.

வீடியோவைச் சீடியில ஏத்திக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினன். சோதனைச் சென்றியில இறங்கி நடக்கேக்க ஆமிக்காரன் சீடியைத் திருப்பித் திருப்பிப் பாத்து என்ன இது எண்டு கேட்டான். எஞ்சின் எண்டன். அவனே என்னை ஒருமாதிரிப் பாத்தான்.

யாழ்ப்பாணத்தில நெற் கபேயை நடத்தினது வதனி எண்ட பிள்ளை. வீடியோ நாப்பத்தெட்டு எம்பி. ஈமெயில் பத்துக்கு மேல ஏற்காது. படத்தைச் சின்னனாக்கினால் போயிடும் எண்டு வதனி சொன்னா.

படத்தைச் சின்னனாக்கவோ நான் டிப்ளோமா செய்தனான்? நீர் பேசாமல் இரும் எண்டிட்டு நானே கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தன். என்னைப்போல ஒரு விண்ணன் உலகத்தில இல்லை எண்ட நினைப்பு.

மூண்டு நிமிசத்தை ஒரு நிமிசமா வெட்டினன். பதினாறு எம்பி. செக்கனுக்கு முப்பது படத்தைப் பதினைஞ்சாக்கினன். பதின்மூண்டு. ஒவ்வொருக்காலும் அந்தக் கொம்பியூட்டர் அரை மணித்தியாலம் யோசிச்சுது. படத்தின்ர அளவை மட்டும் நான் தொடேல்லை. துடைச்ச எஞ்சின் வடிவாத் தெரிய வேணுமே!

அப்பதான் 'ஓடியோ' எண்ட பெட்டி கண்ணில பட்டுது. அதில இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டன். ஒன்பதரை எம்பி.

வதனி எட்டிப் பாத்தா.

"அண்ணை, சத்தம் வேண்டாமோ?"

"எஞ்சின் என்ன, பாட்டே படிக்கப் போகுது?"

அவ தன்ர மேசைக்குத் திரும்பிப் போனா. நல்ல வளர்ப்பு. ரெண்டு தரம் லைன் அறுந்து, மூண்டாந்தரம் போச்சுது. கடைசி பஸ்சில தொங்கிக்கொண்டு வந்து சேந்தன்.

இரவு மரியதாஸ் கோல் எடுத்தான். அண்ணை முகத்தில ஈ ஆடேல்லை. போனை என்னட்டைத் தந்தார்.

"மச்சான், படம் அந்தமாதிரி வடிவு. மூடியில உன்ர முகமே தெரியுது."

நான் அண்ணையைப் பாத்துப் பெருமையாத் தலையாட்டினன்.

"தட்டுற சத்தம் எங்கையடா? அதைக் கேட்டால்தானே வருத்தம் என்னெண்டு சொல்லலாம்?"

டிப்ளோமா விடுமே? பத்துக்குள்ள அடக்கத்தான் சத்தத்தை எடுத்தனான், நாளைக்குத் திரும்பப் போய் வேற மாதிரிச் செய்து அனுப்புறன் எண்டு எல்லாருக்கும் கேக்க விளக்கம் குடுத்துக்கொண்டு நிண்டன்.

அண்ணை என்ர காதில இருந்த போனைப் பிடுங்கினார். பீப்பாவடிக்குப் போய் எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். தட்டத் தொடங்கினவுடன போனைக் கிட்டப் பிடிச்சார். ஒரு நிமிசம் கூட இராது. நிப்பாட்டிப்போட்டுக் காதில வைச்சு "ஓம்... ஓம்... சரி" எண்டார்.

எஞ்சின் நல்லதாம். நான் துடைப்பிச்ச அந்த மூடிக்குக் கீழ, பிளைவீல் நட்டு இளகியிருக்காம். இறுக்கினால் சரியாம்.

அடுத்த நாள் அண்ணை கடலுக்குப் போனார். மத்தியானம் புளோரா அக்கா எனக்கெண்டு ஒரு பெரிய பாரைமீன் கொண்டு வந்தா. மீன்தலைக் கறிக்கு நான் உயிரை விடுவன் எண்டது அவவுக்குத் தெரியும். பையைத் திறந்து பாத்தன். தலையைக் காணேல்லை.

"முழுசாப் பைக்குள்ள அடங்கேல்லைத் தம்பி. அதான் தலையை எடுத்துவிட்டனான்."