பச்சை விளக்குத் தீர்மானம்

ஒரு சுகாதார அலுவலகம் என்றால் அதற்கு ஒரு மருந்து வண்டி இருக்க வேண்டும். வண்டிக்கு ஒரு ஓட்டுநர் இருக்க வேண்டும். இது விதி. வண்டி ஓட வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் ஓடாத வண்டிக்கு ஓட்டுநர் தேவையில்லை என்று ஒரு துணைவிதி இருக்கிறது. அந்த ஓட்டுநர் நான்தான். அதுவும் தற்காலிகம்.

எங்கள் வண்டி டீசல் ஒப்புதலுக்காக ஒரு மாதம் கொட்டகையில் நின்றது. ஒப்புதல் வந்த அன்று சாவியைத் திருகினேன். ‘டக்’ என்றது, அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிட்டது. இரண்டு வாரத்தில் ஆய்வாளர் வருகிறார், அவர் முன்னால் வண்டி கிளம்பாவிட்டால் வண்டியோடு சேர்த்து என்னையும் கழித்துவிடுவார்கள் என்று கிளார்க் அக்கா அன்போடு சொன்னார்.

நல்லவேளை, ஸ்டோரில் ஒரு பேட்டரி சார்ஜர் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கண்ணுக்குள் வைத்துக் காத்து வந்தார்கள். ஒரு பகல்பொழுது கொடுத்தால் போதும், நானே ஏற்றிவிடுகிறேன் என்றேன். எங்கள் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வண்டி ஓட்டத்தான் உத்தரவு, சார்ஜ் ஏற்ற உத்தரவில்லை என்றார். பிறகு கையேட்டை எடுத்து வாசித்தார். பக்கம் புரளப் புரள அவர் முகம் வெளிறியது.

அதில் சாதாரண விஷயங்கள்தான் இருந்தன. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. சார்ஜர் கம்பி நுனியிலுள்ள கவ்விகளை மாற்றி மாட்டினால் பொறி பறக்கும். உள்ளே அமிலம், கண்ணில் படக் கூடாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவளுக்கு இதைவிட நீளமான பட்டியல் மனப்பாடம்.

உடனே ஐந்து பேர் கொண்ட பாதுகாப்புக் குழு அமைந்தது. குழுவுக்குக் கண்ணாடி, கையுறை, மஞ்சள் மேலங்கி எல்லாம் வந்தன. மேலங்கி எடுப்பாக இருந்ததால் யாருக்கும் கழற்ற மனமில்லை. தபால் பிரிப்பதும் அதில்தான், தேநீர் குடிப்பதும் அதில்தான். ஸ்டோர் கீப்பர் அதைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு படம் எடுத்துச் சுவரில் மாட்டினார். மூன்று நாள் கூடிப் பேசி, குழு இப்படி எழுதியது:

“மேற்கண்ட ஆபத்துகள் அனைத்துக்கும் பேட்டரியே மூலகாரணம் என்பதால், பேட்டரியைத் தவிர்த்து சார்ஜ் செய்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.”

அந்த சார்ஜருக்கு ஒரு குணம். மாட்டிய பேட்டரி காலியாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், நிறைந்ததும் பச்சை. எதிலும் மாட்டாமல் சும்மா சுவிட்சைப் போட்டாலும் பச்சைதான். வேலை இல்லை என்றால் அதற்கும் முகம் மலர்ந்துவிடும்.

ஆகவே சார்ஜர் பதிவேட்டு அறையில் மேசை ஏறியது. கவ்விகள் இரண்டும் சுவரில் தனித்தனி மரக் கொக்கிகளில் தொங்கின. வண்டி கொட்டகையிலேயே நின்றது. தினமும் பத்து மணிக்கு சுவிட்சைப் போடுவார்கள்; உடனே பச்சை. ‘முழுமையாக ஏறியது’ என்று ஐந்து பேரும் கையெழுத்திடுவார்கள். ஆறாவது கையெழுத்து என்னுடையது.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், கம்பியை வண்டியில மாட்டவே இல்லையே?”

“மாட்டினா என்னென்ன ஆகும்னு புத்தகத்துல போட்டிருக்கே, படிச்சீங்களாம்மா?”

“மாட்டலைன்னா வண்டி ஓடாதே சார்.”

“ஓடாத வண்டி எங்கேயாவது மோதுமா?”

“மோதாது சார்.”

“அப்புறம் என்ன? கையெழுத்தைப் போடுங்க.”

போட்டேன்.

ஆய்வுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் என் நாத்தனாரிடம் சார்ஜர் கேட்டேன். உங்கள் அலுவலகத்தில் புத்தம்புதுசு இருக்கும்போது என்னுடையது எதற்கு என்றாள். அது பாதுகாப்பாக இருக்கிறது என்றேன். எடுத்துக் கொடுத்தாள். காவலாளி அண்ணன் கொட்டகையைத் திறந்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றார். என் குழந்தையை அதன் அப்பாவிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பினேன். கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே சிவப்புக் கவ்வியை பிளஸ்ஸில் மாட்டினேன். கறுப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, இஞ்சின் இரும்பில். பன்னிரண்டு வோல்ட்டா என்று பார்த்து, மெதுவாக ஏறும்படி வைத்து, அதற்குப் பிறகுதான் சுவிட்ச். சாயங்காலம் பச்சை எரிந்தது. இந்தப் பச்சை நிஜப் பச்சை. முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு என்று கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டி, வண்டியை எடுக்கச் சொன்னார். சாவியைத் தொட்டதும் இஞ்சின் உறுமியது. அங்கே அதிகம் திடுக்கிட்டவர் எங்கள் அதிகாரிதான்.

“பேட்டரியைத் தொடாமலேயா?” என்றார் ஆய்வாளர்.

“தொடாமலேதான் சார்,” என்றார் அதிகாரி, மேலங்கியை இழுத்துவிட்டபடி. “எல்லாம் முறைப்படி செய்தது.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அனுமதியில்லாமல் அரசு வண்டியைத் தொட்டால் வேலை போகும் என்பது நினைவுக்கு வந்தது. திறந்த வாயைக் கொட்டாவியாக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே மாவட்டத்தில் உள்ள இருபத்திரண்டு அலுவலகங்களுக்கும் இந்த முறை கட்டாயமானது. அதைக் கற்பிக்கும் பயிற்சியாளராக என்னை நியமித்தார்கள். இந்தத் தடவை வேலை நிரந்தரம்.

முதல் வகுப்பில் இருபத்திரண்டு மஞ்சள் மேலங்கிகள் உட்கார்ந்திருந்தன. கவ்விகளைக் கொக்கியில் மாட்டிக் காட்டினேன். பச்சை எரிந்தது. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். ஒருவருக்கும் சந்தேகமில்லை.

தேநீர் இடைவேளையில் கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஒரு ஓட்டுநர் பின்னாலேயே வந்தார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, நிஜமாகவே சார்ஜ் ஏற வேண்டுமென்றால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். அவர் போனதும் இன்னொருவர், அவரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அப்படியே ஒவ்வொருவராக இருபத்திரண்டு பேர். உண்மையான வகுப்பு அங்கேதான் நடந்தது. கருத்துப் படிவத்தில் எல்லோரும் பாராட்டி எழுதியது கொக்கி வகுப்பை.

வரிசை முடிந்தது என்று திரும்பினேன். இருபத்துமூன்றாவதாக எங்கள் அதிகாரி நின்றார், கையில் தன் காரின் சாவியோடு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உத்தரவுக்கு விரோதம்தாம்மா. இருந்தாலும் கேக்கறேன், சிவப்பு முதல்லயா, கறுப்பு முதல்லயா?”